தர்மாஸ்பத்திரியில் அய்யா போட்ட சண்டை

எங்கள் பக்கத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரியைச் சர்க்கார் ஆஸ்பத்திரி என்று சொன்னது அதன் வாசலில் மாட்டியிருந்த போர்டு மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அது தர்மாஸ்பத்திரி. அந்தப் பெயரை முதலில் யார் சொன்னார்களோ தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அந்த ஒரு சொல்லுக்காக என் அய்யா தன் வலது காலையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்.

அய்யாவுக்குத் தேவிபட்டினத்தில் கடை. கடலுக்குள் நவக்கிரகமாக நிற்கும் ஒன்பது கல்லைச் சுற்றிக் கும்பிட வருகிறவர்கள் நவதானியப் பொட்டலம் இல்லாமல் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். அந்தப் பொட்டலமும் சூடமும் தேங்காயும் தீப்பெட்டியும் விற்பது அய்யாவின் தொழில். சண்டை போடுவது அவருடைய பொழுதுபோக்கு. வாங்க வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. தேங்காய் அழுகல், சூடம் நமத்துவிட்டது, பயறு சிறுத்துவிட்டது என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அய்யா அதற்கெல்லாம் மனதுக்குள் சந்தோஷப்படுவார்.

"காசு குடுத்தவன் சண்டை போடுவான். அது அவன் பாத்தியதை. சும்மா வாங்குறவன் கும்புடு போடுவான். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணும் கெடையாது" என்பார். இந்த உலகத்தைப் பற்றி அவர் வைத்திருந்த முழுக் கொள்கையும் இவ்வளவுதான்.

கும்பிடு போடுகிறவர்களும் அவருக்கு உண்டு. அமாவாசை தோறும் கடை வாசலில் பிச்சைக்காரர்கள் வரிசையாக உட்காருவார்கள். அய்யா குளித்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு வந்து, ஆளுக்கு ஒரு கை அரிசி போடுவார். வரிசையின் முதல் ஆள் எப்போதும் தகரக் குவளையோடு வரும் இருமல்காரர் ஒருவர். குவளைக்காரர் என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். அரிசி விழுந்ததும் இரண்டு கையும் தலைக்கு மேல் போகும். "மகராசனா இருங்க மொதலாளி" என்பார். அந்த நேரத்தில் மட்டும் அய்யாவின் முகத்தைக் கோபம் இல்லாமல் பார்க்கலாம். கொடுக்கிற பக்கத்திலேயே நின்று பழகிவிட்ட மனிதர்.

முதல் பொதுத்தேர்தல் முடிந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். அவர் மகளான நான் டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, வேலைக்கு உத்தரவு வருமென்று வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் வெளியூர்க்காரர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "கடைக்காரரே, பொட்டலத்துல எட்டுத் தானியம்தான் இருக்கு" என்று கரையைப் பார்த்துக் கத்தினார். வேறு யாராக இருந்தாலும் இன்னொரு பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டார். அந்த மனிதரின் உள்ளங்கையில் தானியத்தைக் கொட்டிப் பரப்பி, காகித மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்த எள்ளை எடுத்துக் காட்டி, "இது என்ன, ஒங்க மாமனாரா?" என்று கேட்டார். ஜெயித்த வேகத்தில் திரும்பி நடந்தவர் சிப்பியில் காலை வைத்துவிட்டார். சுண்டுவிரலுக்கு அடியில் நீளமாகக் கிழித்துவிட்டது.

எள் சனீஸ்வரனுக்கு உரிய தானியம். அதை இல்லை என்று சொன்னவர் சௌக்கியமாக ஊர் போய்ச் சேர்ந்தார். இருக்கிறது என்று நிரூபித்தவருக்குக் கால் வீங்கியது.

மஞ்சள் வைத்துப் பார்த்தார், வேப்பிலை அரைத்துக் கட்டிப் பார்த்தார். வீக்கம் கணுக்காலுக்கு ஏறியதே தவிர இறங்கவில்லை. சந்தை நாளில் பெட்டியோடு வந்துபோகும் டாக்டர் ஒருவர் இருந்தார். அவர் ஊசி போட்டுக் காசு வாங்கிக்கொண்டார். ஊசி மழுங்கல் என்று அய்யா அவரோடு சண்டை போட்டார். வைத்தியம் நல்லபடியாக நடப்பதாக அய்யாவுக்குத் திருப்தி. ஆனால் அடுத்த சந்தைக்கு வந்த டாக்டர், சுண்டுவிரல் கறுத்திருப்பதைப் பார்த்துவிட்டு ஊசியை எடுக்கவே இல்லை.

"இது என் கையில இல்ல. டவுன் ஆஸ்பத்திரியில படுத்து, கீறி விடணும். இப்படியே விட்டா விரலோட நிக்காது. காலையே எடுக்க வேண்டி வரும்."

"டவுன் ஆஸ்பத்திரின்னா தர்மாஸ்பத்திரியா?"

"ஆமா."

"அப்பக் கால் போகட்டும்" என்று அய்யா காலைத் துணியால் மூடிக்கொண்டார்.

இப்படியாக எங்கள் கடை வாசலில் விவாதம் தொடங்கியது. கடையை ஒட்டினாற்போல் தையல் மிஷின் போட்டிருந்த சாச்சாதான் அய்யாவுக்கு எதிர்க்கட்சி. தையல்காரராக இருந்தாலும் காஜா எடுப்பதைவிடப் பத்திரிகை படிப்பதில்தான் அவருக்கு நாட்டம் அதிகம். உரிமை என்ற சொல்லை எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்ததே அவர்தான். நான் அவர் பக்கம். பெற்ற அப்பாவோடு வாதாடுவதற்கு இப்படி ஒரு நியாயமான காரணம் எனக்கு அதற்கு முன்பு கிடைத்ததில்லை.

"அண்ணே, நீங்க ஓட்டுப் போட்டீகளா இல்லையா?" என்று சாச்சா ஆரம்பித்தார்.

"போட்டேன்."

"அப்ப சர்க்கார் ஒங்க சர்க்கார். ஆஸ்பத்திரி ஒங்க ஆஸ்பத்திரி. அங்கன போயி வைத்தியம் பாக்குறது ஒங்க உரிமை."

"நான் போட்ட ஆளு தோத்துப் போனாரு தம்பி. ஜெயிச்சவருக்குப் போட்டவன் போகட்டும். எனக்கு அங்கன என்ன பாத்தியதை?"

இப்படி ஒரு பதிலை சாச்சாவின் எந்தப் பத்திரிகையும் எழுதியிருக்கவில்லை. நான் உள்ளே புகுந்தேன்.

"தீப்பெட்டிக்கு வரி இருக்குல்ல அய்யா? அந்த வரியிலதான ஆஸ்பத்திரி நடக்குது."

"வரி குடுக்குறது தீப்பெட்டி வாங்குறவன். நான் விக்கிறவன்."

"சர்க்கார் போர்டு ஸ்கூல்லதான என்னையப் படிக்க வச்சீக? அது மட்டும் தர்மம் இல்லையா?"

"சரஸ்வதி வேற. அதுல கையேந்துறது தப்பில்ல."

"ரோடு போட்டிருக்காகளே அண்ணே, அதுல நடக்கிறீகளே!" என்றார் சாச்சா.

"எங்கன தம்பி நடக்குறேன்? நடக்க முடிஞ்சா ஒங்கிட்ட ஏன் இப்படி மாட்டிக்கிட்டுக் கெடக்கேன்?"

இரண்டு மூன்று நாள் இப்படியே போனது. சாச்சா பேசப் பேச அய்யாவுக்கு உற்சாகம் ஏறியது. கூடவே காலில் வீக்கமும் ஏறியது. கடைசியில் சாச்சா கண் கலங்கி, "அல்லா மேல ஆணையாச் சொல்றேன் அண்ணே, நீங்க ஹயாத்தோட, ஆயுசோட நல்லா இருக்கணும். உரிமையா வேண்டாம், எனக்காகப் போங்க" என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். அய்யா அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "வரிசையில நிப்பாட்டுவாக. குடுத்தத வாங்கிக்கிட்டுக் கும்புடு போடணும். என்னால ஏலாது தம்பி" என்றார். அதைச் சொன்னபோது அவர் விளையாடவில்லை. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். அதுவரைக்கும் யார் வாதத்தில் ஜெயிப்பார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், வெட்கமில்லாமல்.

ஆத்தா இந்த விவாதத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. மறுநாள் காலையில் அடுப்பங்கரையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு வயித்து வலி தாங்க முடியல. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போறேன். தொணைக்கு வாரீகளா இல்லையா?"

"நீயா? தர்மாஸ்பத்திரிக்கா?"

"எனக்கு ஒங்கள மாதிரி மானம் கெடையாது. வலிதான் இருக்கு."

பெண்டாட்டியைத் தனியாக அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? அய்யா கிளம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. ஆத்தா கட்டியிருந்த மூட்டையைப் பார்த்ததும் அவருக்குச் சந்தேகம் வந்தது.

"ஒன் வயித்து வலிக்கு என் வேட்டி எதுக்கு?"

"வலி கூடுனா வயித்துல இறுக்கிக் கட்ட" என்றாள் ஆத்தா, கொஞ்சமும் யோசிக்காமல். வாயாடி என்று ஊரில் பெயர் வாங்கியது நானும் அய்யாவும். ஆத்தாவிடம் எங்கள் இருவரையும் விற்றுவிடக்கூடிய சாமர்த்தியம் இருந்தது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் மருந்துக்கான சீசாவை வீட்டிலிருந்தே கொண்டுபோக வேண்டும். ஆத்தா நல்லெண்ணெய் சீசா ஒன்றைக் கழுவி எடுத்துக்கொண்டாள். சாச்சாவும் நானும் அய்யாவைத் தூக்காத குறையாக பஸ்ஸில் ஏற்றினோம். நான் கூடப் போனேன்.

மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் நீள வரிசை. டாக்டர் அறைக்குப் போகிற வழியும் அதுதான். வரிசையின் முன்பகுதியில், கையில் சீசாவோடு, நம் குவளைக்காரர்.

"மொதலாளி! நீங்களும் வந்துட்டீகளா?" என்று அங்கிருந்தே கூப்பிட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கில்ல, எனக்கில்ல, வீட்டுல இவளுக்கு" என்று அய்யா அவசரமாக ஆத்தாவைக் காட்டினார். வீங்கிய காலை வேட்டிக்குள் மறைக்கப் பார்த்தார். அந்தக் கால் எந்த வேட்டிக்குள்ளும் அடங்குகிற நிலையில் இல்லை.

குவளைக்காரரின் முறை வந்தது. கம்பவுண்டர் சீசாவில் இருமல் மருந்தை ஊற்றி, வேளைக் கணக்குக்காகப் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை அதில் ஒட்டிக் கொடுத்தார். ஒரு பல் ஒரு வேளை. குவளைக்காரர் சீசாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பசை ஈரத்தில் அவர் கைபட்டுக் காகிதம் மேலே ஏறியிருந்தது எங்களுக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

"ஐயா, ஒரு வேளை கொறையுது."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நகரு."

"நகர மாட்டேன். காயிதம் ஒசரத்துல நிக்கிது, மருந்து பள்ளத்துல கெடக்கு. என் மருந்த ஊத்துங்க."

"காகிதம் நகர்ந்திருக்குய்யா!"

"காயிதம் எங்கன வேணும்னாலும் போகட்டும். என் மருந்து எங்கன போச்சு?"

பின்னால் நின்றவர்கள் குவளைக்காரர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "ஊத்துங்கய்யா, நேரமாகுது!" என்று சத்தம். கம்பவுண்டர் பாவம், சரியாக அளந்து கொடுத்த மனிதர், தலையில் அடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினார். குவளைக்காரர் மறுபடியும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், தக்கையை அழுத்தி மூடினார், இடுப்பில் செருகினார், நடந்தார். கும்பிடவில்லை. மகராசனா இருங்க என்று சொல்லவில்லை.

அய்யா அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாத்தியா? என் மருந்துங்கிறான்" என்றார் என்னிடம். நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்து நல்லது நடந்த ஒரே சந்தர்ப்பம் அது.

டாக்டர் ஒரு அம்மாள். கண்டிப்பான முகம். ஆத்தாவிடமிருந்து சீட்டை வாங்கி, கேட்கும்போதே எழுத ஆரம்பித்துவிட்டார்.

"எங்க வலிக்குது?"

"வயித்துல."

"எப்ப வலிக்குது?"

"இவுக கால நெனைக்கையில" என்றாள் ஆத்தா. அதைச் சொன்னதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை நாள் வாயே திறக்காமல் அடக்கி வைத்திருந்த அழுகை. "விடிஞ்சதும் அந்தக் கால்தாம்மா கண்ணுல படுது. அப்ப ஆரம்பிக்கிது. கடைய மூடுற வரைக்கும் நிக்கல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "காலை நீட்டுங்க" என்றார் அய்யாவைப் பார்த்து.

"நான் தொணைக்கு வந்தவன்."

"நீட்டுங்க!"

அய்யாவை அப்படி யாரும் அதட்டி நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. காலை நீட்டினார். டாக்டர் அழுத்திப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "இன்னைக்கே சேரணும். இந்த விரல் போயாச்சு. இன்னும் நாளைக் கடத்தாம இருந்தா காலைக் காப்பாத்தலாம்."

"எவ்வளவு ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அந்தச் சொல் வந்து விழுந்துவிட்டது. ஆத்தா கண்ணைத் துடைப்பதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தோம். அய்யா மருந்து ஜன்னல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு டாக்டரிடம் திரும்பினார்.

"ஒரு சந்தேகம் கேக்கலாமா? இங்கன படுத்தா, நான் சண்டை போடலாமா?"

"யாரோட?"

"யாரோட வேணும்னாலும். சோறு சரியில்ல, பாலு சரியில்ல, படுக்கை சரியில்ல, இந்த மாதிரி."

டாக்டர் ஆத்தாவைப் பார்த்தார். "இவருக்குத் தலையில ஏதும் அடிபட்டுச்சா?"

"இல்லம்மா. பொறப்பே அப்படித்தான்."

"எவ்வளவு வேணும்னாலும் போடுங்க. மொதல்ல படுங்க" என்றார் டாக்டர்.

"அப்பச் சரி" என்று அய்யா சட்டையைக் கழற்றினார்.

கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார். அந்த வார்டு அப்படி ஒரு நோயாளியைக் கண்டிருக்காது. பால் தண்ணீராக இருக்கிறது என்றார். எங்கள் வீட்டுப் பாலைவிட அது கெட்டி. தலையணையில் பஞ்சு ஒரு பக்கமாகப் போய்விட்டது என்றார். ரொட்டியின் ஓரம் மட்டும் தனக்கு ஏன் வருகிறது என்று கேட்டார். நர்ஸம்மா காய்ச்சல் பார்க்கக் கண்ணாடிக் குழாயை வாயில் வைத்தால், அது எடுக்கப்படும் வரைக்கும் பொறுத்திருந்து, எடுத்ததும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார். சும்மா வாங்கிக்கொண்டு கிடக்கவில்லை என்று தனக்குத் தானே நிரூபித்துக்கொள்ள அவருக்கு வேறு வழி இல்லை என்பது எனக்குப் புரிந்தது. ஆனாலும் பக்கத்துக் கட்டில்காரர்களின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. விரலை எடுக்கிற அன்றைக்குக்கூட, "எந்த விரல்னு நான் தொட்டுக் காட்டுறேன். பக்கத்து விரலத் தொட்டா நடக்கிறதே வேற" என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே போனார்.

ஆத்தாவிடம் முழுக் கதையையும் கேட்டிருந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க அப்பா இதைத் தர்மம்னே நெனச்சுக்கிட்டு இருந்திருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டார்.

இதற்கிடையில் ஆத்தாவின் சீட்டில் வயிற்று வலிக்கு மருந்து எழுதியாகிவிட்டிருந்தது. நல்லெண்ணெய் சீசாவில் அதையும் வாங்கிக்கொண்டு, பல் பல்லாக, ஒரு வேளை தவறாமல் கண்ணை மூடிக்கொண்டு குடித்துத் தீர்த்தாள். "வாங்குனத வீணாக்கக் கூடாது" என்றாள். உண்மையிலேயே வயிறு லேசாகிவிட்டது என்றும் சொன்னாள். கால் தப்பித்துவிட்டதால் லேசாகியிருக்கும்.

ஒரு விரல் குறைந்த காலோடு அய்யா கடைக்குத் திரும்பினார். சாச்சா மிஷினை விட்டு எழுந்துவந்து கட்டிக்கொண்டார். கண்ணைத் துடைத்த கையோடு வாதத்தையும் எடுத்தார்.

"இப்பவாவது உரிமைன்னு ஒப்புக்கிட்டீகளா அண்ணே?"

"ஒப்புக்கிட்டேன். ஆனா அதுக்கு ஒன் ஓட்டும் காரணமில்ல, இவ தீப்பெட்டியும் காரணமில்ல. அத்தனை சண்டை போட்டேன் தம்பி. ஒருத்தராவது வெளிய போடான்னு சொல்லல. மறுநாளும் கட்டுப் போட வந்தாக. அது தர்மத்துல நடக்குமா?"

அதற்குப் பிறகு அவர் தர்மாஸ்பத்திரி என்று சொல்லி நான் கேட்கவில்லை. யாராவது சொன்னாலும் திருத்தினார், சண்டை போட்டுத்தான். விவாதம் அதோடு முடிந்ததென்று நானும் சாச்சாவும் நினைத்துக்கொண்டோம்.

அடுத்த அமாவாசை வந்தது. வழக்கம்போல வரிசை. வழக்கம்போல முதல் ஆள் குவளைக்காரர். அய்யா நொண்டிக்கொண்டே வந்து அரிசியைப் போட்டார். கையை முழுக்க விரிக்காமல் போட்டதை நான் பார்த்தேன். குவளையின் அடியைத்தான் தொட்டது அரிசி. குவளைக்காரரின் இரண்டு கையும் தலைக்கு மேல் போயின. "மகராசனா இருங்க மொதலாளி."

அய்யா அடுத்த ஆளிடம் போகவில்லை. "கொறையுதா?" என்றார்.

"இல்ல மொதலாளி."

"நல்லாப் பாரு. போன தடவைக்குப் பாதிதான் இருக்கு. நாந்தான் கொறைச்சுப் போட்டேன்."

"இருக்கட்டும் மொதலாளி."

"அங்கன அந்தப் போடு போட்டியேப்பா! சீசாவத் தூக்கித் தூக்கிக் காட்டுனியே! இங்கனயும் கேக்க வேண்டியதுதான?"

குவளைக்காரர் இருமி முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை.

"அங்கன சண்டை போட்டாலும் மறுபடி போனா மருந்து உண்டு மொதலாளி. இங்கன சண்டை போட்டா, அடுத்த அமாவாசைக்கு எனக்கு இந்த எடம் உண்டா?"

ஓட்டுக்கும் தீப்பெட்டிக்கும் ரோட்டுக்கும் பதில் வைத்திருந்த அய்யா இந்தக் கேள்விக்கு உழக்கைத்தான் தேடினார். அவர் நொண்டிக்கொண்டே கடைக்குள் போய், உழக்கு நிறையக் கூம்பாக அரிசி அள்ளிவந்து, குவளையில் சிந்தச் சிந்தக் கொட்டினார்.

குவளைக்காரர் குவளையைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, இதுவரை போட்டதிலேயே பெரிய கும்பிடாக, தலை தரையைத் தொடுகிற மாதிரி குனிந்து போட்டார்.

"வேண்டாம்ப்பா, கும்புடாத" என்றார் அய்யா.

"சரி மொதலாளி" என்று சொல்லிவிட்டு, குவளைக்காரர் இன்னொரு முறை கும்பிட்டார்.